ஒன்று திற, இரண்டு மூடு

ஜெயரூபி அக்காவின் போனில் ஒவ்வொருவருடைய பெயருக்குப் பின்னாலும் அந்த ஆளை எப்படிப் பிடிப்பது என்பதும் எழுதியிருக்கும். 'நிருஷன் கோல் எடுக்கமாட்டான்.' 'பரமசிவம் ஐயா வீட்டை போ.' 'ரீச்சர் முழு வசனம் எழுது.' 'அமராவதி மாமி மிஸ்கோல் மட்டும்.' பரமசிவம் ஐயாவிடமும் போன் இருக்கிறது. கனடாவில் உள்ள மகன் வாங்கி அனுப்பியது. அது பெட்டியோடு அலுமாரிக்குள் இருக்கிறது. திருநாள் பெருநாளுக்கு வெளியே எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பாராம்.

ரூபி அக்கா உடையார்கட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிறார். வயது நாற்பத்தொன்று. கணவர் கிருசாந்தன் ஊரூராய் உழவுக்குப் போகிறவர். மகள் தர்சினி உயர்தரம் படிக்கிறாள். இவை தவிர அக்காவுக்கு இன்னொரு வேலை உண்டு. எங்கள் மூன்றாம் வாய்க்காலுக்கு அவர்தான் பிரதிநிதி. மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காணாது. எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும். முதல் நாள் ஆறு குடும்பம், இரண்டாம் நாள் பகல் ஒரு மணி வரை மூன்று குடும்பம், ஆளுக்கு இரண்டு மணித்தியாலம். உன் முறை தொடங்கிவிட்டது, உன் முறை முடிந்துவிட்டது என்று அந்த ஒன்பது வீட்டுக்கும் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு.

அதற்கு அவர் வாயே திறப்பதில்லை. வாய்க்காலின் தலைப்பில் நின்றுகொண்டு மிஸ்கோல் அடிப்பார். ஒன்று அடித்தால் பலகையைத் தூக்கி வயலுக்குத் தண்ணீரைத் திறக்க வேண்டும். இரண்டு அடித்தால் பலகையைப் போட்டு மூட வேண்டும். செய்து முடித்தவர் திருப்பி ஒரு மிஸ்கோல் கொடுப்பார். அவ்வளவுதான். பதினான்கு வருடமாக இப்படித்தான் நடக்கிறதாம். நான் அதற்கு முன்னமே படிக்க வெளியூர் போய், பிறகு ஒன்பது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவள். எனக்கு இது தெரியாது.

கட்டாரில் ஐந்து வருடம், மலேசியாவில் மூன்று, கடைசியில் ஜோர்ஜியாவில் ஒரு குளிர்காலமும் கொஞ்சமும். எங்கு போனாலும் ஹோட்டல் வரவேற்பு மேசைதான். மூன்றாவது மணி அடிக்க முன்னம் போனை எடுத்துவிட வேண்டும் என்பது அந்த மேசைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சட்டம். இரண்டு கிழமை நின்றுவிட்டுப் போகலாம் என்றுதான் ஆடி மாதம் வந்தேன். பையைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை, எங்கள் முறை ஒன்பது மணிக்கு. அப்பா மயில்வாகனம் பலகையைத் தூக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். வளவு வேலைகளை முடித்துப் போனை விறாந்தைக் கதிரையில் வைத்தார், கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். பதினொரு மணியளவில் போன் அடித்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். எடுத்து "வணக்கம்" என்றேன். அந்தப் பக்கம் வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. பிழையான இலக்கம் போல என்று வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன், அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. திரும்ப ஒருமுறை அடித்தது. நான் ஓடி வர நின்றுவிட்டது.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து போனைப் பார்த்தார்.

"ஒண்டுதான் அடிச்சிருக்கிறா. அமராவதி இண்டைக்குத் தண்ணி எடுக்கேல்லைப் போல. எங்களை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைச்சிருக்கச் சொல்லுறா." திருப்பி ஒரு மிஸ்கோல் கொடுத்தார். "நல்ல பிள்ளை, ரூபி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தார்.

ஒன்றரை மணிக்குப் படலையைத் தள்ளிக்கொண்டு அமராவதி மாமி வந்தார். எங்களுக்கு அடுத்ததாக, வாய்க்காலின் கடைசியில் இருப்பது அவருடைய வயல். அறுபத்தாறு வயது. தனி ஆளாக ஒன்றரை ஏக்கர் செய்கிறார். பட்டன் போனை ஒரு சின்னப் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கக்கத்தில் அவருடைய வாய்க்கால் பலகை இருந்தது. கழற்றிக்கொண்டே வந்துவிட்டார்.

"மயிலண்ணை, உங்கட வயல் குளிச்சு முழுகித் தலை துவட்டுது. என்ர வயல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கு. இதென்ன நியாயம்?"

அப்பா சோற்றுக் கையோடு எழும்பினார். "நீ எடுக்கேல்லை எண்டெல்லோ நான் நினைச்சன்!"

"பதினொரு மணிக்கே எனக்கு ஒண்டடிச்சிட்டா. நான் பலகையைத் தூக்கிப்போட்டு மருத மரத்துக்குக் கீழ இருந்தன். வருது வருது எண்டு பாத்தா, கடைசியில தவளைக்குக் கால் நனையவும் தண்ணி வரேல்லை. ஒரு மணிக்குத் துருசையும் பூட்டிப்போட்டாங்கள்."

அவர் சொல்லி முடிக்க முன்னம் ரூபி அக்காவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தர்சினியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அப்பாவின் பதில் மிஸ்கோல் வந்ததும் எல்லாம் சரி என்று அங்கே போய்விட்டார். கூட்டம் முடிந்து போனைப் பார்த்தால் அமராவதி மாமியிடமிருந்து மூன்று மிஸ்கோல்.

"மூண்டு எண்டால் எங்கட சட்டத்தில ஒண்டுமில்லை. அதுதான் பயந்துபோய் ஓடி வாறன். என்ன மாமி?"

அப்பா முந்திக்கொண்டார். "பிள்ளை, நீ எனக்கு ஒண்டுதானே அடிச்சனி?"

"ரெண்டடிச்சனான் மாமா."

"ஒண்டு!"

"ரெண்டு!"

அக்கா அப்பாவின் போனை வாங்கினார். எங்கோ தட்டினார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"பதினொண்டு ரெண்டுக்கு ஒரு கோல் எடுபட்டிருக்கு. நாலு செக்கன். பதினொண்டு மூண்டுக்கு ஒரு மிஸ்கோல். ஆர் எடுத்தது?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன்.

"ஏன் பிள்ளை எடுத்தனி?" என்று கேட்டார் அமராவதி மாமி. என் வாழ்க்கையில் போனை எடுத்ததற்கு ஒருவரும் என்னிடம் காரணம் கேட்டதில்லை.

"அடிச்சது மாமி, அதுதான்…"

"அடிச்சா எடுக்கிறதே?"

ரூபி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அமராவதி மாமியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். பயிர் குடலையில் நிற்கிறது. கதிர் தண்டுக்குள்ளேயே இருந்து வெளியே வரப் பார்க்கும் நேரம் அது. அந்த நேரத்தில் வயல் காய்ந்தால் கதிர் வரும், உள்ளே மணி இருக்காது. வெறும் சப்பி. வயல் ஏற்கெனவே வெடித்துக் கிடக்கிறது, அடுத்த முறைக்கு எட்டு நாள் இருக்கிறது. அவ்வளவு நாள் அந்தப் பயிர் தாங்காது என்பது அங்கு நின்ற எல்லோருக்கும், எனக்குங்கூட, தெரிந்திருந்தது. மாமிக்கு வருடச் சோறு அது.

"நான் நிண்டு பாத்திருக்க வேணும்" என்றார் ரூபி அக்கா. "வழக்கமா நிண்டு தண்ணி கீழ போறதைப் பாத்திட்டுத்தான் போறனான். இண்டைக்குக் கூட்டத்துக்கு நேரமாச்செண்டு ஓடிட்டன். வெயிலுக்குள்ள போன் முகமும் தெரியாது. மூச்சை எண்ணி எண்ணி அடிச்சு நிப்பாட்டிறனான். நீ எடுத்தது எனக்கு விளங்கேல்லை."

குளத்தின் மதகான துருசைத் திறக்கிற தம்பிக்கு அழைத்தார். உண்மையான அழைப்பு, காதில் வைத்துப் பேசியது. அந்தத் தம்பி சொன்னது இதுதான். நாளை காலை ஆறு மணிக்கு நாலாம் வாய்க்காலுக்குத் தண்ணீர். அங்கே எட்டுக் குடும்பம், ஆளுக்கு ஒன்றரை மணித்தியாலம். அந்த எட்டுப் பேரும் தங்கள் முறையை இரண்டு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளச் சம்மதித்தால் முதல் இரண்டு மணித்தியாலத்தையும் இங்கே திருப்பிவிடலாம். ஒருவர் மாட்டேன் என்றாலும் முடியாது. பின்னேரம் ஆறு மணிக்கு முன்னம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர் மேலிடத்துக்கு அறிவித்துவிடுவார்.

"அடுத்த முறை எனக்குத் தண்ணி வேண்டாம்" என்றார் அப்பா, யாரும் கேட்காமலே. "என்ர ரெண்டு மணித்தியாலத்தை அவைக்குக் குடு. நான் இண்டைக்கே ரெண்டு பேற்ற தண்ணியைக் குடிச்சிட்டன்."

ரூபி அக்கா மோட்டார் சைக்கிள் திறப்பை என்னிடம் நீட்டினார்.

"ஓட்டுவியோ?"

"ஓம் அக்கா."

"அப்ப ஏறு. நீ எடுத்த போனுக்கு நீதான் ஓடவேணும்."

நாலாம் வாய்க்காலுக்குப் போக விசுவமடுப் பக்கமாக ஒரு கிரவல் பாதை. நான் ஓட்ட, அவர் பின்னால் இருந்து போனில் தட்டிக்கொண்டே வந்தார். குழியில் விழுந்தெழும்பும்போதும் தட்டுவது நிற்கவில்லை. இவ்வளவு வேகமாக எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன்.

"காட்போட்டில" என்றார்.

எனக்கு விளங்கவில்லை என்று தெரிந்து, என் காதுக்கருகே வந்து காற்றை மீறிச் சொன்னார். சமாதான காலத்தில், தனக்குப் பத்தொன்பது வயதில், கிளிநொச்சியில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனாராம். வகுப்பில் இருபத்தெட்டுப் பேர், கொம்பியூட்டர் இரண்டு, ஜெனரேற்றர் ஓடுவது ஒரு மணித்தியாலம். ஆகவே வாத்தியார் எல்லோருக்கும் ஒரு காட்போட் மட்டையில் எழுத்துகளைக் கட்டம் கட்டமாகக் கீறிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் அதில்தான் தட்டினார்கள்.

"என்ன எழுதினனாங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பிழை விட்டாலும் தெரியாது. அதால எல்லாரும் கெட்டிக்காரர். கடைசியா உண்மையான கொம்பியூட்டருக்கு முன்னால இருத்தினபோது நான் தட்டினன், திரையில எழுத்து வந்திது. நான் கையை எடுத்திட்டன். பயந்துபோனன்."

அதற்கு முன்னைய கதை றேடியோ. அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது போர்க்காலத் தடையால் ஊருக்குள் பற்றரி வராது. அவருடைய அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்தார். பின்னேரச் செய்திக்கு அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோரும் வந்து சுற்றி இருப்பார்கள். கையால் பெடலைச் சுற்றுவது ரூபி. கை ஓய்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் ஓயும்.

"நான் சுத்தினாத்தான் உலகம் கதைக்கும். அதில எனக்கு நல்ல புளுகம், பெருமை. ஒருநாள் பரமசிவம் ஐயா என்னை ஏசிப்போட்டார். அடுத்த நாள் முக்கியமான இடத்தில கையை விட்டிட்டன். பதினைஞ்சு பெரிய மனிசர் 'சுத்து பிள்ளை, சுத்து பிள்ளை' எண்டு கெஞ்சினவை."

அந்தப் பரமசிவம் ஐயாவின் படலைக்குத்தான் முதலில் போனோம். அவர் எங்களைக் கண்டதும் சம்மதித்துவிட்டார். "அமராவதிக்கோ? எடுக்கச் சொல்லு" என்றார். ஆனால் தேத்தண்ணி குடிக்காமல் விடவில்லை. தேத்தண்ணி வர இருபது நிமிடம் சென்றது. அந்த இருபது நிமிடமும் ரூபி அக்காவின் வாய் ஐயாவின் முழங்கால் நோவைப் பற்றியும் மாட்டுக் கொட்டிலைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தது. மடியில் வைத்திருந்த போனில் கட்டை விரல் வேறு ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தது. ஐயா அதைக் காணவே இல்லை. நாங்கள் எழும்பும்போது ரீச்சரிடமிருந்தும் இன்னும் மூன்று வீடுகளிலிருந்தும் சம்மதம் வந்திருந்தது. ரீச்சருக்கு அனுப்பியதை எனக்குக் காட்டினார். 'மதிப்புக்குரிய ரீச்சர் அவர்களுக்கு' என்று தொடங்கி முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்தது. அடுத்தவருக்கு அனுப்பியதில் ஒரு நெற்கதிர்ப் படம், ஒரு தண்ணீர்த்துளிப் படம், ஒரு கும்பிடு.

"முதல் எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருந்தவை" என்றார் திரும்ப ஏறியபடி. "செட்டிகுளம் முகாமில இருந்து திரும்பி வந்து இருந்தபோது, ரெண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, முதல் முறையாத் தண்ணி திறந்தவை. ஒன்பது வீட்டுக்கும் அஞ்சு போன். ஒருத்தற்ற போனிலயும் கதைக்கக் காசில்லை. வாய்க்காலோ ஒரு மைல். கத்தினாக் கேக்காது. அப்பதான் இந்த மிஸ்கோலை யோசிச்சன். வயசானவை போனைத் தொடப் பயந்தவை. இளசுகள் வெளிநாட்டுக்குப் போட்டுதுகள், நீ போன மாதிரி. நடுவில நிண்டது நான் ஒருத்திதான். அதால என்னைப் பிடிச்சுப் போட்டினம்."

"விட்டிருக்கலாமே, அக்கா. இவ்வளவு காலமா ஏன் இழுபடுறியள்?"

"இழுபடுறனோ?" கொஞ்சம் யோசித்தார். "இல்லையடி. எனக்கு இது விருப்பம். இந்தச் சனத்தில ஆருக்கு எப்பிடிச் சொன்னாக் காதில ஏறும் எண்டு எனக்குத்தான் தெரியும். பார், நாலே கால்தான் ஆகுது, அஞ்சு பேர் ஓம் எண்டிட்டினம்."

ஆறாவது ஆளின் மனைவி, குழாயடியில் நின்றவர், கணவருக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டார். ஏழாவது நிருஷன். இருபத்திரண்டு வயது. தகப்பனின் வயலை இந்தப் போகம் அவன்தான் பார்க்கிறான். அழைத்தால் எடுக்கமாட்டான். அனுப்பியதையும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனோம், சைக்கிள் இல்லை. எங்கே போனான் என்று தாய்க்கும் தெரியவில்லை. நேரம் ஐந்தை நெருங்கியது. ரூபி அக்கா மகளுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். "பிள்ளை, நிருஷன் எங்க நிக்கிறான்? அவசரம்."

தர்சினி உடனே திருப்பி அனுப்பினாள். "அவன் போனில காரோட்டம் விளையாடுறான் அம்மா. இப்ப நாலாம் சுற்று. நானும் விளையாட்டுக்குள்ள போய்க் கேக்கட்டே?"

"போய்க் கேள்."

நாங்கள் ஒரு வேப்ப மரத்தடியில் நின்றோம். இரண்டு நிமிடத்தில் அடுத்த பதிவு வந்தது. பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். "ஓமாம் அம்மா. எட்டு மணிக்கே தொடங்கட்டாம். ஆனா தன்னை இப்ப முந்த வேண்டாமெண்டு நீங்கள் எனக்குச் சொல்லவேணுமாம்."

"முந்தாதை" என்று பதில் போட்டார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "ரீச்சருக்கு இது தெரிஞ்சா விளையாட்டுக்குள்ள இப்பிடியும் ஒரு கூட்டமோ எண்டு கேப்பா" என்றார்.

எட்டாவது ஆள் விதுசன். முப்பது வயது, விவசாயம் படித்தவன். அவனுடைய வயலில் வரம்புகூட நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். படலையில் நின்றே கேட்டான். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"மன்னியுங்கோ அக்கா. என்ர நெல்லும் குடலையிலதான் நிக்குது. நான் நாலாம் வாய்க்கால்ல கடைசி. எல்லாரும் ரெண்டு மணித்தியாலம் தள்ளினா எனக்குத்தான் இருண்டுபோம்."

"மயில்வாகனம் மாமா அடுத்த முறையில தன்ர ரெண்டு மணித்தியாலத்தையும் உங்கட பக்கத்துக்குத் தாறாராம்."

"அடுத்த முறை அடுத்த முறைதானே. நான் ரெண்டு வருசமாச் சொல்லுறன், இந்த மிஸ்கோல் விளையாட்டை விடுங்கோ எண்டு. நேரத்தை எழுதி அச்சடிச்சு எல்லா வீட்டிலயும் ஒட்டினா முடிஞ்சுது. ஒன்பது மணி எண்டால் ஒன்பது மணி. மிஸ்கோலை ஆரும் எடுத்திட்டா வயல் காயுது. இது ஒரு முறையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எடுத்தது நான்தான் என்று சொல்லப் போனேன். ரூபி அக்கா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சரி தம்பி, அச்சடிப்பம்" என்றார்.

விதுசன் எதிர்பார்க்கவில்லை. "உண்மையாவோ?"

"ஓம். நீங்கள் நேரத்தைப் போட்டுத் தாங்கோ, நான் தட்டி எடுக்கிறன். எல்லா வீட்டுக் கதவிலயும் ஒட்டுவம். ஆனா தண்ணி ஒன்பது மணிக்கு வராது தம்பி. ஒருநாள் ஒன்பது பத்துக்கு வரும், ஒருநாள் எட்டே முக்காலுக்கு வரும். எங்கையாவது மாடு விழுந்து குழப்பும். அப்ப நான் அடிக்கத்தான் வேணும். அச்சும் இருக்கட்டும், அடியும் இருக்கட்டும்."

அவன் தன் வயல் பக்கம் பார்த்தான். மணி ஐந்து முப்பத்தைந்து.

"நாளைக்கு நிருஷனிட்டக் கேட்டு, அவன்ர முதல் முறையை உனக்குத் தரட்டே?" என்று கேட்டார் அக்கா. "எட்டு மணிக்கே உனக்கு. நிருஷனைக் கடைசியில விடுவம். அவன் இருட்டினாலும் முழிச்சிருப்பான்."

விதுசனின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "அவன் ஒத்துக்கொள்ளுவானோ?"

"கேக்கிறன்." தர்சினிக்கு ஒரு பதிவு போனது. காரோட்டம் இன்னும் முடியவில்லை. பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. ஓமாம். இரண்டு பேரும் இடம் மாறுவதால் மற்றவர்களுக்கு ஒரு வேறுபாடும் இல்லை.

"அப்ப சரி அக்கா. வட்ஸ்அப்பில போடுங்கோ, நான் ஓம் எண்டு போடுறன்."

"முன்னுக்கு நிண்டு கேக்கிறன், முன்னுக்கு நிண்டு சொல்லன்!"

"இல்லையக்கா, எழுத்தில இருக்கட்டும்."

இரண்டு பேரும் ஒரு படலைக்கு இருபக்கமும் நின்று ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். ஐந்து நாற்பத்திரண்டுக்குத் துருசுத் தம்பிக்குச் சொல்லியாகிவிட்டது.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு முன்னமே அப்பா போய்த் தன் பலகையைப் போட்டு, அது போதாதென்று அதன் மேல் ஏறியும் நின்றுகொண்டார். நான் ரூபி அக்காவோடு வாய்க்கால் தலைப்பில் நின்றேன். துருசு திறந்ததும் மண்ணிறத் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்தது. அக்கா அமராவதி மாமிக்கு ஒரு மிஸ்கோல் அடித்தார். திருப்பி ஒன்று வந்தது. பலகை தூக்கியாகிவிட்டது. இனித் தண்ணீர் அந்த ஒரு மைலைக் கடந்து போகவேண்டும். நாங்கள் வாய்க்கால் கட்டின் மேல் உட்கார்ந்து, கொண்டுவந்த பாணையும் சம்பலையும் சாப்பிட்டோம்.

ஆறே முக்காலுக்கு அக்காவின் போன் அடித்தது. திரையில் 'அமராவதி மாமி மிஸ்கோல் மட்டும்'. அக்கா எடுக்கவில்லை. நின்றதும் எண்ணுவதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

"இதென்ன இது? இப்பிடியொண்டு எங்கட சட்டத்தில இல்லையே."

முழுவதும் அடித்து ஓய்ந்தது. உடனே திரும்பத் தொடங்கியது.

"எடுங்கோ அக்கா" என்றேன்.

"எடுக்கலாமோ?"

"அவா கதைக்கத்தான் அடிக்கிறா."

எடுத்தார். மாமியின் குரல் எனக்கும் கேட்டது. அவர் போனை நம்பாமல் நேரடியாக ஒரு மைலையும் கடக்கத்தான் கத்தினார்.

"எடி, எடுக்கிறதுக்கு உனக்கென்ன? செத்துப்போட்டியோ எண்டு பாத்தன்!"

"மாமி, நீங்கள் அடிச்சா நான் எடுக்கிறதில்லையே!"

"தண்ணி வந்திட்டுதடி! வெடிப்புக்குள்ள எல்லாம் இறங்கிக் குமிழ் விடுது. கேக்குதோ, கேள்." போனை எங்கோ தாழப் பிடித்திருக்க வேண்டும். சளசளவென்று ஒரு சத்தம் கேட்டது, கொக்கோ ஏதோ கத்தியது. பிறகு குரல் திரும்பி வந்தது. "அந்தப் பிள்ளை பக்கத்தில நிக்குதோ?"

"நிக்கிறாள் மாமி."

"அவளுக்குச் சொல்லு, போனை எடுத்தது பிழைதான், ஆனா குரல் நல்ல வடிவாம் எண்டு மயிலண்ணை நேற்றுப் பெருமை பேசினவர். 'வணக்கம்' எண்டு சொன்னவளாம்."

பத்து நிமிடம் பேசினார். பதினான்கு வருடத்தில் அந்த இரண்டு போன்களும் பேசியது அதுதான் முதல் தடவை என்று வைத்த பிறகு அக்கா சொன்னார். சிரித்துக்கொண்டே இருந்தார். கையைக் கழுவி, போனில் அந்தப் பெயரை எடுத்து, 'மிஸ்கோல் மட்டும்' என்பதன் பின்னால் எதையோ சேர்த்துத் தட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். 'நீள அடிச்சா எடு.'

நான் வந்து அன்றோடு இரண்டு கிழமை முடிந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கு முன் அச்சடித்து ஒட்டவேண்டும், விதுசன் நேரம் போட்டுத் தருவான், நீதான் அச்சுக்கடைக்குப் போகவேணும் என்று அக்கா சொல்ல, ஓம் என்றேன். அதற்கு ஆறு நாள் இருந்தது.

எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் போன் திரும்ப அடித்தது. மாமிதான். இந்த முறை அக்கா உடனே எடுத்தார்.

"எடி, வரம்பு மட்டத்துக்கு வந்திட்டுது. வயல் நிறைஞ்சுபோச்சு."

"நல்லது மாமி. நேரமும் சரி. பலகையைப் போடுங்கோ, விதுசன் பாத்துக்கொண்டு நிப்பான்."

"போடுறன். நீ ரெண்டடி."

"நான்தானே இப்ப வாயால சொல்லுறன் மாமி."

"வாயால சொல்லுறது ஆருக்குத் தெரியும்? நீ ரெண்டடி, அப்பதான் போடுவன்."

"சரி, நீங்கள் வைச்சாத்தானே நான் அடிக்கலாம்."

மாமி வைத்தார். ரூபி அக்கா ஒன்று அடித்தார், மூச்சை எண்ணி நிறுத்தினார். இன்னொன்று அடித்தார். நாங்கள் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில், தூரத்தில் பலகை விழுந்திருக்க வேண்டும், ஒரு மிஸ்கோல் வந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.